திருத்தத் தெரியாத தொலைவு

நாடு முழுவதும் 12-ஆம் வகுப்பு வரை ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்று கேட்டு, வழக்கறிஞர் அஸ்வினி குமார் உபாத்யாய தில்லி உயர் நீதிமன்றத்தில் 2022-இல் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதற்கு முன்பே, 2020-இல், சிபிஎஸ்இ-யையும் ஐசிஎஸ்இ-யையும் ஒன்றாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பிள்ளைகள் ஏற்கெனவே சுமக்க முடியாத பையைச் சுமக்கிறார்கள், இது அரசு எடுக்க வேண்டிய கொள்கை முடிவு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. தில்லி வழக்கை நீதிபதிகள் பார்த்துக்கொள்வார்கள். என் கவலை அந்த மனுவின் வாதத்தைப் பற்றியது. அது நீதிமன்றத்தை விட்டு வெளியேறி, 'ஒரே நாடு, ஒரே பாடநூல்' என்ற முழக்கமாகத் தொலைக்காட்சியிலும் பெற்றோர் கூட்டங்களிலும் உலவுகிறது. நல்ல மனத்தோடு அதை நம்புகிறவர்களையும் தில்லியில் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வாதத்தின் சாரம் இது. மாநிலத்துக்கு ஒரு பாடம், வாரியத்துக்கு ஒரு பாடம் என்றிருப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது. நுழைவுத் தேர்வு ஒன்றாக இருக்கும்போது பாடம் பலவாக இருப்பது அநீதி. இந்த வேறுபாட்டில்தான் பயிற்சி மையக் கும்பலும் புத்தகக் கும்பலும் பிழைக்கின்றன. ஆகவே ஒரே பாடத்திட்டம் வேண்டும், அதுவும் தாய்மொழியில்.

பயிற்சி மையங்களில் தொடங்குவோம். தில்லியில் ஏறத்தாழ எல்லா மேல்நிலைப் பள்ளிகளும் சிபிஎஸ்இ-யோடு இணைந்தவை. மனு கேட்கிற 'ஒரே பாடம்' பல்லாண்டுகளாக நடப்பில் இருக்கும் நகரம் இது. வாதம் சரியென்றால் இந்தியாவிலேயே பயிற்சி மையம் இல்லாத ஊராகத் தில்லி இருந்திருக்க வேண்டும். ஐஐடி-க்குப் பக்கத்தில் இருக்கும் காலு சராய்க்கு ஒரு மாலை போய் நின்று பாருங்கள். பள்ளிப் பையோடும் பயிற்சி மையப் பையோடும் வரிசையாகப் போகும் பிள்ளைகள் படிப்பது மத்திய நிறுவனமான என்சிஇஆர்டி-யின் அதே புத்தகத்தைத்தான். ஆயிரம் இடத்துக்கு லட்சம் பேர் மோதும்போது பயிற்சி மையம் முளைக்கும். பாடம் ஒன்றானாலும் பத்தானாலும் அது முளைக்கும்.

நுழைவுத் தேர்வு வாதம் இதைவிட மோசம். என்சிஇஆர்டி பாடத்தை அளவாக வைத்துத் தேர்வை அமைத்துவிட்டு, தேர்வு அப்படி இருப்பதால் எல்லோரும் என்சிஇஆர்டி படியுங்கள் என்கிறார்கள். செருப்புக்கு அளவாகக் காலை வெட்டச் சொல்வது இதைத்தான். 24 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நாட்டில், மருத்துவமும் பொறியியலும் தேடிப் போகிற சிறு பகுதியின் தேர்வுக்காக மூன்றாம் வகுப்புக் குழந்தையின் புத்தகத்தை யார் எழுத வேண்டும் என்று தீர்மானிப்பதா?

சமத்துவத்துக்கு வருவோம். 2024 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கை உபாத்யாய அவர்கள் அறியாமல் இருக்க முடியாது. தில்லி மாநகராட்சிப் பள்ளிகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாடநூலே வந்து சேரவில்லை. மாநகராட்சியில் நிலைக்குழு அமையாததால் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தர ஆளில்லை என்று காரணம் சொன்னார்கள். நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, ஆணையரே செலவு செய்யலாம் என்று வழி திறந்துவிட்டது. பாடத்திட்டம் ஒன்றாக இருந்த நகரத்தில்தான் இது நடந்தது. வசதியான தனியார் பள்ளியின் பிள்ளையும் புத்தகமே இல்லாத மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளையும் காகிதத்தில் சமம். அந்தக் காகிதச் சமத்துவத்தை நாடு முழுக்க நீட்டிக்கத்தான் மனு கேட்கிறது. 'பார்த்தீர்களா, உள்ளூர் நிர்வாகத்தின் லட்சணம்' என்று யாராவது சொல்லலாம். அந்தக் குற்றம் தில்லிக்காரர்கள் கண்ணில் பட்டது, தில்லிக்காரர்களே வழக்குப் போட்டார்கள், தில்லி நீதிமன்றமே தீர்வு சொன்னது. குற்றவாளி எட்டும் தூரத்தில் இருந்ததால் அது முடிந்தது.

ஊர் மாறும் குடும்பங்களுக்கு ஒரே பாடம் உதவும் என்பது இந்த முழக்கத்தின் மிக நயமான பகுதி. மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காகவே கேந்திரிய வித்யாலயங்கள் 1963-இல் தொடங்கப்பட்டன. இன்று 1,200-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றில் படிப்பவர்கள் நாட்டின் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஒருவருக்கும் குறைவானவருக்கு ஏற்பாடு இருக்கிறது. மற்ற தொண்ணூற்றொன்பது பேரை ஏன் இழுக்க வேண்டும்?

உண்மையில் இடம்பெயர்கிறவர்கள் யார் என்று தில்லித் தமிழருக்குத் தெரியும். 2025 ஜூன் 1 அன்று ஜங்புரா பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் இருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடம். 189 குடும்பங்களுக்கு மட்டும் நரேலாவில் வீடு பெறத் தகுதி உண்டென்றார்கள். நரேலா அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களின் முதல் கவலை பிழைப்பு, அடுத்த கவலை பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் எதுவும் நரேலாவில் இல்லை. ஒரே நகரம், ஒரே வாரியம், ஒரே பாடத்திட்டம். ஒரு வரி மாறவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் படிப்பு அறுந்தது. ஊர் மாறும் ஏழைக் குழந்தைக்கு வேண்டியது அதன் மொழி தெரிந்த ஓர் ஆசிரியர், நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி. மனுவில் இந்த இரண்டைப் பற்றியும் பேச்சில்லை.

தாய்மொழியில் ஒரே பாடம் என்கிறார்களே, தமிழில் யார் எழுதுவார்கள்? என்சிஇஆர்டி பல்லாண்டுகளாக இந்தி, ஆங்கிலம், உருது மொழிகளில் புத்தகம் போட்டு வந்த நிறுவனம். அண்மையில் ஆங்கிலப் பாடநூலுக்கே 'பூர்வி', 'மிருதங்', 'சந்தூர்' என்று பெயர் வைத்தார்கள். இதே தில்லியில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் தமிழ் எடுக்கும் மாணவரின் பையைத் திறந்து பார்த்தால், தமிழ்நாடு அரசு வெளியிட்ட தமிழ்ப் பாடநூல் இருக்கும். மத்திய வாரியமே தமிழுக்காக ஒரு மாநிலத்தின் வாசலில் போய் நிற்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ்ப் பாடநூல் தமிழ் பேசும் ஊரில்தான் உருவாகும் என்பதை ஒப்புக்கொண்ட செயல் அது.

சட்டம் என்ன சொல்கிறது? மனுவுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கல்வியை அடிப்படை உரிமையாக்கிய அரசமைப்பின் 21அ பிரிவு. அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்த நாடாளுமன்றம் இயற்றியதே 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் 29-ஆம் பிரிவு, பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் உரிய அரசு அறிவிக்கும் கல்வி அமைப்பு வகுக்க வேண்டும் என்கிறது. மாநிலத்துப் பள்ளிகளுக்கு உரிய அரசு மாநில அரசு. சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதியானால் அந்தப் பகுதியின் அரசு. அதாவது தில்லிப் பள்ளிகளுக்குத் தில்லி அரசு. அந்தப் பணிக்கு டிஃபன்ஸ் காலனியில் எஸ்சிஇஆர்டி என்ற மாநிலக் கல்வி ஆய்வு அமைப்பு இருக்கிறது. 1976-இல், நெருக்கடி நிலையின்போது, 42-ஆம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. அந்த இழப்புக்குப் பிறகும்கூட நாடாளுமன்றம் பாடத்தை மாநிலத்தின் கையிலேயே விட்டது. என்சிஇஆர்டி 1961-இல் ஒரு சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட அமைப்பு. மத்திய, மாநில அரசுகளுக்கு ஆலோசனை சொல்வதும் உதவுவதும் அதன் பணி. ஆணையிடுவது அதற்கு விதிக்கப்பட்ட பணி இல்லை.

2023-இல் இதே வழக்கில் சிபிஎஸ்இ தாக்கல் செய்த பதில் மனு, நான் சொல்லக்கூடியதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் என்பது உள்ளூர்ச் சூழலையும் பண்பாட்டையும் மொழியையும் கணக்கில் கொள்ளாது. பள்ளிக்கு வெளியே தான் வாழும் வாழ்க்கையோடு ஒட்டிய பாடத்தைத்தான் குழந்தை பற்றிக்கொள்ளும். பொதுவான ஓர் அடிப்படையோடு பல பாடத்திட்டங்கள் இருப்பதே விரும்பத்தக்கது. இது அந்த மனுவில் சிபிஎஸ்இ எடுத்த நிலையின் சாரம். எந்த வாரியத்தின் கையில் எல்லாவற்றையும் கொடுக்கலாம் என்கிறார்களோ, அந்த வாரியமே வேண்டாம் என்று கைகூப்பியிருக்கிறது.

இனி நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரே புத்தகம் தொலைவிலிருந்து எழுதப்படும்போது, அதில் பிழையோ வருத்தமோ நேர்ந்தால் என்ன ஆகிறது? திருத்த மாட்டார்கள். நீக்கிவிடுவார்கள். இதைக் கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லா ஆட்சியிலும் பார்த்திருக்கிறோம்.

என்சிஇஆர்டி-யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் உடையின் சமூக வரலாறு பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் அதில் வந்தது. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1820-களிலிருந்து அடிபட்டு, மிதிபட்டு, 1859-இல் மன்னரின் பிரகடனம் வரை கொண்டுவந்த போராட்டம். தில்லியிலும் பாட்னாவிலும் போபாலிலும் ஒரு பிள்ளை அதைப் படித்தது என்பது சாதாரண விஷயமா? ஆனால் அந்தச் சமூகத்தை, பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள் என்பதுபோல அந்தப் பகுதி எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது, எழுந்தது நியாயம். குமரி மாவட்டத்து வரலாற்றாசிரியர் ஒருவரும் கல்குளத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் உட்கார்ந்திருந்தால் ஒரு பிற்பகலில் அந்த வரிகளைச் சரிசெய்திருப்பார்கள். நடந்தது என்ன? 2016 இறுதியில், அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சிபிஎஸ்இ சுற்றறிக்கை விட்டது. 2019-இல் சுமையைக் குறைக்கிறோம் என்று அத்தியாயம் முழுவதையும் என்சிஇஆர்டி எடுத்துவிட்டது. எங்களைப் பற்றித் தவறாக எழுதாதீர்கள் என்று கேட்டார்கள். உங்களைப் பற்றி எழுதவே மாட்டோம் என்று பதில் வந்தது.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் நூலில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த கேலிச்சித்திரம் இருந்தது. 1965-இல் உயிர் கொடுத்த மாணவர்களின் ஊரில் அது புண்படுத்தியது. கருணாநிதியும் ஜெயலலிதாவும் ஒரே குரலில் கண்டித்தார்கள். அந்த ஆண்டு ஏற்கெனவே அம்பேத்கர் கேலிச்சித்திரத்தால் நாடாளுமன்றம் கொந்தளித்திருந்தது; பாடநூல் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகியிருந்தார்கள். சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். பல சித்திரங்களை நீக்கச் சொன்னது குழு. அதில் மாறுபட்ட கருத்தை எழுதி வைத்தவர் ஒருவர், நம் எம்.எஸ்.எஸ். பாண்டியன். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த தமிழர், திராவிட இயக்கத்தின் வரலாற்றை ஆழ்ந்து எழுதியவர். தமிழ் உணர்வில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். அவர் நீக்கத்துக்கு உடன்படவில்லை. அன்று அவரோடு எனக்குச் சம்மதமில்லை. இன்று அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. நம் கோபம் நியாயமாக இருந்தது. ஆனால் தில்லி அலுவலகத்தின் கத்தரிக்கோலுக்கு நாமே பழக்கம் கொடுத்துவிட்டோம்.

அந்தக் கத்தரிக்கோல் 2022-இலும் 2023-இலும் செய்ததை எல்லோரும் அறிவர். பெருந்தொற்றுக் காலச் சுமை குறைப்பு என்று காரணம் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் போனது. பத்தாம் வகுப்பில் பரிணாமம் போனது, தனிம வரிசை அட்டவணை போனது. காந்தி கொலையையொட்டி ஆர்எஸ்எஸ் தடை செய்யப்பட்டதைச் சொன்ன வரிகளும் 2002 குஜராத் கலவரம் பற்றிய பகுதிகளும் போயின. யாதவும் பல்ஷிகரும் தங்கள் பெயரையே நூல்களிலிருந்து எடுத்துவிடும்படி 2023 ஜூனில் கேட்டார்கள். பரிணாமம் படிக்காமல் பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை, பதினொன்றில் உயிரியல் எடுக்காவிட்டால் வாழ்நாளில் அதைப் படிக்கப் போவதில்லை. ஓர் அலுவலகம் எடுத்த முடிவு அத்தனை மாநிலங்களின் சிபிஎஸ்இ வகுப்பறைகளிலும் ஒரே நாளில் இறங்கியது. கேரளம் மட்டும் தன் எஸ்சிஇஆர்டி மூலம், நீக்கிய வரலாற்றுப் பகுதிகளைத் துணைப்பாட நூலாக அச்சிட்டு 2023 ஆகஸ்டில் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. மாநிலத்துக்குப் பாடத்தில் கை இருந்ததால் அது முடிந்தது. மனு வென்றால் அந்தக் கை கட்டப்படும்.

மாநிலத்தை நான் கோயிலாக்கவில்லை. 2011-இல் தமிழ்நாட்டில் புதிதாக வந்த ஜெயலலிதா அரசு, அச்சடித்து முடித்த சமச்சீர்க் கல்விப் பாடநூல்களை நிறுத்தி வைத்தது. ஜூனில் பள்ளி திறந்த பின் ஏறத்தாழ இரண்டு மாதம் பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம், பத்து நாளுக்குள் அமல்படுத்து என்று தீர்ப்பளித்த பிறகே நூல்கள் கைக்கு வந்தன. அதற்குப் பின்னும் பிடிக்காத பக்கங்களின் மேல் தாள் ஒட்டினார்கள். வெட்கக்கேடு. ஆனால் அந்த வெட்கக்கேட்டைத் தெருவிலும் நீதிமன்றத்திலும் எதிர்த்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும்தான். ஒரே பருவத்தில் வென்றார்கள். மத்தியில் நடந்ததை இதோடு ஒப்பிடுங்கள். 2002-இல் என்சிஇஆர்டி-யின் பாடத்திட்டச் சட்டகத்தை எதிர்த்து அருணா ராய் உச்ச நீதிமன்றம் போனார். மாநில அமைச்சர்கள் அமர்ந்திருக்கும் மத்தியக் கல்வி ஆலோசனை வாரியத்தைக் கலந்து பேசவில்லை என்பது அவருடைய முக்கியமான குறைகளில் ஒன்று. கலந்து பேசாததால் சட்டகம் செல்லாமல் போகாது என்று தீர்ப்பு வந்தது. மாநிலங்களைக் கேட்காமலே நாட்டுக்குப் பாடம் வகுக்கலாம் என்று ஆகிப்போன பிறகும், இன்னும் அதிகாரம் கொடு என்கிறார்கள்.

மாநிலமும் தொலைவாகலாம் என்பதற்கு ஹோஷங்காபாத் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். வயலில் இருக்கும் பூச்சியும் இலையும் மண்ணும்தான் ஆய்வுக்கூடம். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பரிசோதித்து, தவறினால் மறுபடி எழுதி, முப்பது ஆண்டுகள் வளர்த்தார்கள். 2002-இல் மாநில அரசு அதை மூடியது. மாநிலம் முழுதும் ஒரே பாடம் இருக்க வேண்டும் என்ற வாதமும் அப்போது சொல்லப்பட்டது. போபாலில் சொன்னாலும் தில்லியில் சொன்னாலும் அந்த வாதம் ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே சென்னையிடமும் கேட்கிறேன், தில்லி அரசின் எஸ்சிஇஆர்டி-யிடமும் கேட்கிறேன்: உங்களுக்குக் கிடைத்ததை மாவட்டத்துக்கும் பள்ளிக்கும் இறக்கிக் கொடுங்கள். ஒரு பாடத்துக்குப் பல நூல்கள் இருக்கலாம் என்று 2005-இலேயே யஷ்பால் தலைமையில் வந்த தேசியச் சட்டகம் சொல்லிவிட்டது.

தில்லி என்றாலே ஒன்றிய அரசு என்று நினைக்கப் பழகிவிட்டோம். தில்லி ஓர் ஊரும்கூட. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டருக்கு ஏறி, ஆற்றங்கரைக் குடிசைகளின் பிள்ளைகள் சாலையோரக் கூடாரத்தில் படுத்தார்கள். நவம்பர் வந்தால் நச்சுப் புகையால் இந்த ஊரில் பள்ளிகள் அடிக்கடி மூடப்படுகின்றன. ஆற்றின் வெள்ளச் சமவெளி எது, காற்றில் கலந்திருப்பது என்ன, நாம் ஏன் வீட்டில் இருக்கிறோம் என்பது தில்லிக் குழந்தையின் முதல் அறிவியல் பாடமாக இருக்க வேண்டும். கன்னியாகுமரிக்கும் காங்டாக்குக்கும் பொருந்த வேண்டிய புத்தகத்தில் அதற்கு இரண்டு வரி கிடைத்தால் பெரிது.

நிதியையும் மறந்துவிட வேண்டாம். தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்ந்த பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. மாநிலம் உச்ச நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. பாடநூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டத்தில் மாநிலத்துக்கு இருக்கும்போதே பணத்தால் இவ்வளவு அழுத்த முடிகிறது. அந்த உரிமையும் போய்விட்டால் எதிர்த்து நிற்கக் காலடியில் மண்ணே இருக்காது.

தில்லியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரிடம், குறிப்பாகத் தமிழ்ப் பெற்றோரிடம், ஒன்று கேட்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு இடம் பெற்றோருக்கு. அந்த இடத்தில் போய் உட்காருங்கள். பாடநூலில் பிழை கண்டால் நீக்கச் சொல்லாதீர்கள், திருத்தி எழுதச் சொல்லுங்கள். நாட்டுக்கெல்லாம் ஒரே பாடநூல் வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டு யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், போடாதீர்கள்.